ஊதிக் காட்டி விற்பது: ஒரு பழைய ஹைலேண்ட் பேக்பைப்பின் வேலைக் குறிப்பு

ஸ்காட்லாந்தின் தோல்பை வாத்தியமான ஹைலேண்ட் பேக்பைப் பழையதாக விற்பனைக்கு வரும் விளம்பரங்களை ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன். பெரும்பாலும் இரண்டு வகைதான். ஒன்று, பரணிலிருந்து இறக்கிய பெட்டியைத் திறந்து நாலு படம் எடுத்து, "தாத்தாவுடையது, நிலைமை தெரியாது" என்று போட்டுவிடுவது. இன்னொன்று, மரத்தைத் தேய்த்து, உலோகத்தைப் பளபளப்பாக்கி, புகழ்பெற்ற பட்டறை ஒன்றின் பெயரைச் சேர்த்து விலையை ஏற்றுவது. முதல் வகையில் வாங்குபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு பணம் கொடுக்கிறார். இரண்டாவதில் ஏமாறுகிறார்.

எங்கள் பேண்டில் கூட வாசிக்கும் நண்பரின் அத்தை, மறைந்த தன் கணவரின் பைப்பை விற்றுத் தர முடியுமா என்று கேட்டபோது, இந்த இரண்டு வழியும் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டேன். ஊதினால் ஒழுங்காக ஒலிக்க வேண்டும். அதன் வயதை மறைக்கக் கூடாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வாங்குபவருக்கும் தெரிய வேண்டும். நான் இருப்பது கிளாஸ்கோவில். இந்த வேலைக்கு வேண்டிய பொருளும், சந்தேகம் கேட்க ஆளும் இங்கே எளிதில் கிடைப்பதால் துணிந்து எடுத்துக்கொண்டேன்.

பெட்டியில் இருந்தது

இந்த வாத்தியத்தைப் பக்கத்தில் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் பை ஒன்று. அதில் ஐந்து மரக் குழல் துண்டுகள் கட்டப்பட்டிருக்கும், அவற்றுக்கு ஸ்டாக் என்று பெயர். ஒரு ஸ்டாக்கில் ஊதுகுழல். ஒன்றில் விரல் வைத்து வாசிக்கும் சேண்டர், அதில் ஒன்பது ஸ்வரங்கள். மற்ற மூன்றிலும் தோளில் சாய்ந்து நிற்கும் டிரோன்கள். இரண்டு டெனர், ஒரு பேஸ். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுவதுபோல, இந்த மூன்றும் விடாமல் சுருதி பிடித்துக்கொண்டிருக்கும். சேண்டரின் கீழ் ஏ ஸ்வரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே டெனர்களும், இரண்டு ஸ்தாயி கீழே பேஸும் ஒலிக்கும்.

பெட்டியைத் திறந்தபோது எல்லாத் துண்டுகளும் இருந்தன. அதுவே பெரிய விஷயம். தோல் பை பலகைபோல இறுகிப் போயிருந்தது. பேஸ் டிரோனின் கீழ்த்துண்டும் நடுத்துண்டும் ஒன்றோடொன்று சிக்கி அசைய மறுத்தன. ஊதுகுழல் ஸ்டாக்கில் நீளவாக்கில் மயிரிழை விரிசல். பூண்கள் நிக்கல், அவற்றில் இரண்டு கையால் சுழற்றினால் சுழன்றன. டிரோன்களின் நடுவே புடைத்து நிற்கும் வளையங்கள், அதாவது மவுண்ட்கள், வெளிர்மஞ்சள் நிறத்தில் இருந்தன. தந்தமாக இருக்கலாம் என்று பார்த்தவுடனே தோன்றியது. பேஸின் நடுத்துண்டில் உள்ள மவுண்ட் மட்டும் நிறத்தில் சற்று வேறுபட்டது. ஒரு தகர டப்பாவில் பழைய நாணல் ரீடுகள், அதாவது ஒலி எழுப்பும் சீவாளிகள். அவற்றைச் சுற்றியிருந்த நூல்கூட உதிர்ந்துகொண்டிருந்தது.

மரம் ஆப்பிரிக்கன் பிளாக்வுட். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்துப் பட்டறைகள் இந்த மரத்துக்கு மாறின. அதற்கு முன் கருங்காலியும், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கோகஸ் மரமும் புழக்கத்தில் இருந்தன. வெயிலில் திருப்பிப் பார்த்தால் கோகஸ் பழுப்பாகத் தெரியும். பிளாக்வுட் கறுப்புக்குள் ஊதாச் சாயலும் மெல்லிய பழுப்பு ரேகைகளும் காட்டும். கையில் எடுத்தால் கனம் தெரியும், தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் (தயவுசெய்து போட்டுப் பார்க்க வேண்டாம்).

யார் செய்தது என்ற கேள்வி

விலையைத் தீர்மானிப்பதில் பாதி இதுதான். பீட்டர் ஹெண்டர்சன், ஆர். ஜி. லாரி என்று கிளாஸ்கோப் பட்டறைகள், எடின்பரோவில் டேவிட் க்ளென், ஆபர்ஃபெல்டியில் டங்கன் மெக்டூகல். இந்தப் பெயர்களைக் கேட்டாலே பைப்பர்களின் முகம் மாறும். பெட்டியில் இருந்த சேண்டரில் லாரியின் முத்திரை தெளிவாகப் பதிந்திருந்தது. அத்தைக்கும் அது தெரியும். "லாரி பைப்" என்றுதான் குடும்பத்தில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

ஆனால் சேண்டர் முத்திரையை வைத்து டிரோன்களுக்குப் பெயர் வைக்க முடியாது. சேண்டர் அடிக்கடி மாற்றப்படும் பாகம். போட்டிகளில் சுருதி ஏற ஏற, பழைய சேண்டரை வைத்துவிட்டுப் புதியது வாங்குவார்கள். விழுந்து உடைந்தாலும் வேறு பட்டறையின் சேண்டர் வந்து சேர்ந்துவிடும். டிரோன்களில் பெரும்பாலும் முத்திரையே இருக்காது. கடைசலின் அடையாளத்தை வைத்துத்தான் யூகிக்க வேண்டும். மணிபோன்ற வளைவுகள் எப்படி இறங்குகின்றன, சீப்புப் பல்போல வரிவரியாக வெட்டிய கோடுகள் எவ்வளவு நெருக்கம், மவுண்டின் விளிம்பு கூர்மையா உருண்டையா, மேல்முனையின் மணி வடிவம் எப்படிக் குழிகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கிளாஸ்கோவில் கடைசல்காரர்கள் ஒரு பட்டறையை விட்டு இன்னொன்றுக்குப் போய் வேலை செய்தவர்கள், அவர்கள் கையும் கூடவே போயிற்று. அதனால் ஹெண்டர்சன் எது, லாரி எது என்று பழகிய கண்களே தயங்கும்.

பல காலமாகப் பழைய பைப்களைச் சீர்செய்து வரும் ஒருவரிடம் எடுத்துப் போனேன். நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளாஸ்கோ வேலை, இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலமாக இருக்கலாம், அதற்கு மேல் சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். விளம்பரத்திலும் அதையேதான் எழுதினேன்: "சேண்டரில் லாரி முத்திரை. டிரோன்களில் முத்திரை இல்லை. கிளாஸ்கோக் கடைசல் பாணி. செய்தவர் உறுதியாகத் தெரியாது." வெள்ளிப் பூண் என்றால் இவ்வளவு திண்டாட்டம் இருந்திருக்காது. எடின்பரோவில் தர முத்திரை பெற்ற வெள்ளியில் கோட்டைச் சின்னமும் ஆண்டெழுத்தும் இருக்கும், வருடத்தையே சொல்லிவிடலாம். உங்களிடம் வெள்ளிப் பூண் உள்ள பைப் இருந்தால் அந்த முத்திரையைத் தேய்த்து மழுங்கடித்துவிடாதீர்கள். நிக்கலில் அப்படி எதுவும் கிடையாது.

தந்தம்: விளம்பரத்துக்கு முன் செய்ய வேண்டியது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பலர் கவனிக்காமல் சட்டச் சிக்கலில் மாட்டும் இடம் இது.

பிரிட்டனில் தந்தச் சட்டம் 2018 இல் நிறைவேறியது, 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. யானைத் தந்தம் உள்ள எந்தப் பொருளையும், எவ்வளவு பழையதானாலும், விலக்குப் பெறாமல் விற்கக் கூடாது. விற்பனைக்கு என்று விளம்பரம் செய்வதே குற்றம், இன்னொருவருக்காக விற்க உதவுவதும் அப்படியே. அதனால் அத்தையின் பைப் என்றாலும் எனக்கும் பொறுப்பு உண்டு. மீறினால் ஐந்து ஆண்டுவரை சிறை, இரண்டரை லட்சம் பவுண்டுவரை அபராதம் என்று போகலாம்.

இசைக்கருவிகளுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. 1975 க்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும். கருவி செய்யப்பட்ட மொத்தப் பொருளின் கன அளவில் தந்தம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் அரசு இணையதளத்தில் பதிவு செய்து 20 பவுண்டு கட்டலாம். பதிவு கிடைத்த பிறகுதான் விளம்பரம்.

முதலில் அது தந்தம்தானா என்று உறுதி செய்ய வேண்டும். பழைய பைப்களில் தந்தத்தைப் போலவே தோன்றும் பொருட்கள் நிறைய: செல்லுலாய்டு, பால்புரதத்தில் செய்த கேசீன், வயதாக ஆக வெண்ணெய்க்கட்டி நிறத்துக்கு மாறும் கேட்டலின். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டு முகத்தில் இரண்டு திசையில் வளைந்து ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் தெரியும், ஷ்ரெகர் கோடுகள் என்பார்கள். மவுண்டின் மேல்விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது நான்கில் அந்தக் கோடுகள் தெளிவாக இருந்தன. செல்லுலாய்டில் தந்த ரேகையைப் போலிசெய்யும் கோடுகள் நேராக, இணையாக ஓடும், வெட்டிக்கொள்ளாது. இருட்டறையில் புறஊதா டார்ச் அடித்தால் தந்தம் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும். பேஸின் நடு மவுண்ட் ஒளிராமல் மங்கலாகவே நின்றது. அது பின்னாளில் மாற்றிய பிளாஸ்டிக். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். தந்தமாக இருந்தால் தழும்பு விழும், செல்லுலாய்டாக இருந்தால் தீப்பிடிக்கும்.

கன அளவைக் கணக்கிடுவது பயமுறுத்தும் வேலையில்லை. வெர்னியர் காலிப்பரால் ஒவ்வொரு மவுண்டின் வெளிவிட்டம், உள்விட்டம், உயரம் அளந்தேன். பெரிய உருளையிலிருந்து சிறிய உருளையைக் கழித்தால் வளையத்தின் கன அளவு. உட்குழிவு கணக்கில் வராது, பொருள் மட்டும்தான். மரத்தை எடைபோட்டு, அதன் அடர்த்தியால் வகுத்தேன். என் மதிப்பீடு 5 சதவீதத்தை ஒட்டி வந்தது. மவுண்ட் மட்டும் தந்தமாகவும் பூண் நிக்கலாகவும் உள்ள பைப் 20 சதவீதத்தை எட்ட வாய்ப்பே இல்லை. பூண்களும் தந்தமாக இருந்தால் நிதானமாகக் கணக்குப் போடுங்கள்.

வயதை நிரூபிக்க, அத்தையின் வீட்டுச் சுவரில் இருந்த கருப்பு வெள்ளைப் புகைப்படம் உதவியது. 1950களில் எடுத்தது. அதே மவுண்ட்கள், மாற்றப்பட்ட அந்த ஒன்று உட்பட. அதையும் சீர்செய்பவர் எழுதித் தந்த கருத்தையும் சேர்த்துப் பதிவு செய்தோம். அத்தைதான் உரிமையாளர், நான் அவர் சார்பில் விண்ணப்பித்தவன்.

பிளாக்வுட்டுக்கும் சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு. 2017 ஜனவரியில், பிளாக்வுட்டும் சேர்ந்த டல்பெர்ஜியா இன மரங்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்கு வந்தன. ஆனால் 2019 நவம்பர் முதல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. மரத்தால் இப்போது பிரச்சினை இல்லை, தந்தத்தால்தான்.

பையை வெட்டி எடுத்தது

அத்தை அந்தப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், விட மனமில்லை. இருந்தும் அது போயே ஆக வேண்டும் என்று சொன்னேன். ஈரமும் மூச்சும் கலந்து பல ஆண்டுகள் மூடிக் கிடந்த தோல் பைக்குள் பூஞ்சை வளரும். 2016 இல் தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் வெளியான ஓர் அறிக்கை பைப்பர்களிடையே பெரிய அதிர்ச்சியை உண்டாக்கியது. தினமும் பேக்பைப் வாசித்த 61 வயதுக்காரர் ஒருவர் நுரையீரல் அழற்சியால் இறந்தார். அவருடைய வாத்தியத்தின் பைக்குள்ளும் சேண்டர் ரீடின் பாதுகாப்பு மூடியிலும் பலவகைப் பூஞ்சைகள் கண்டுபிடிக்கப்பட்டன. பழைய பைப்பை வாங்கி அப்படியே வாயில் வைத்து ஊதிப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது.

முகக்கவசம் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில் வைத்து வெட்டினேன். கத்தி மரத்தின் பக்கம் போகக் கூடாது. ஸ்டாக்கில் பையைக் கட்டிய நூலின் மேலேயே, மரத்துக்கு இணையாக, மெல்ல மெல்ல அறுத்தால் சுற்றுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து வரும். ஸ்டாக்கின் வெளிப்புறத்தில் அந்த நூல் உட்கார ஒரு பள்ளம் கடைந்திருப்பார்கள், அதன் விளிம்பு சேதமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று கசியாமலிருக்கப் பைக்குள் ஊற்றிப் பூசும் சீசனிங் கருப்புப் பிசினாக உறைந்திருந்தது. பழைய ரீடுகளையும், ஊதிய காற்று திரும்பி வராமல் தடுக்கும் தோல் வால்வையும் அதே குப்பையில் போட்டேன்.

குழல்களின் உட்துளையைச் சோப்புத் தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இழுத்தேன். ஊறவைக்கவில்லை. வெளிப்புறத்திலும் ஈரத்துணி, மென்மையான பல்துலக்கி, கடைசியில் கொஞ்சம் பாதாம் எண்ணெய். அவ்வளவுதான். உப்புத்தாள் கிட்டேயே வரவில்லை. கடைசல் வரிகளின் கூர்மைதான் இந்த டிரோன்களை அடையாளம் காணும் ஒரே சாட்சி. அதைத் தேய்த்துவிட்டால் அடுத்து வருபவருக்கு யூகிக்கக்கூட எதுவும் மிஞ்சாது.

சிக்கிக்கொண்ட பேஸ் துண்டுகளை வலிந்து திருக வேண்டாம் என்று முதலிலேயே தீர்மானித்தேன். குறடு போட்டுத் திருகினால், மறுதுண்டுக்குள் செருகி நிற்கும் டியூனிங் பின் என்ற முனை உள்ளேயே ஒடியும். இப்படிச் சிக்குவதற்குப் பெரும்பாலும் காரணம், இணைப்பில் சுற்றியிருந்து ஈரத்தில் உப்பிய நூல்தான். ஹீட்டருக்குத் தள்ளி, உலர்ந்த அறையில் கிடக்க விட்டேன். வாரங்கள் போகட்டும் என்று பொறுத்திருந்து, ரப்பர் கையுறை போட்டு நேராகப் பிடித்து இழுத்தபோது மெல்லிய முனகலோடு பிரிந்தது. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தலைமுறை நூல் சுற்றப்பட்டிருந்தது.

விரிசலும் பூணும்

ஊதுகுழல் ஸ்டாக்கில் விரிசல் விழுவது சகஜம். மூச்சின் ஈரம் நேராக இறங்கும் இடம் அது. ஊதுகுழலின் நுனியில் நூலைத் தடிமனாகச் சுற்றி இறுக்கிச் செருகினால், ஈரத்தில் நூல் உப்பி, உள்ளிருந்தே மரத்தைப் பிளக்கும். இங்கேயும் அப்படித்தான் நடந்திருக்கிறது. விரிசல் பூணுக்குக் கீழே தொடங்கியது, பூண் தளர்ந்திருந்ததால் தடுக்கவும் ஆளில்லை.

முதலில் உறிஞ்சிப் பார்த்தேன். ஸ்டாக்கின் ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் வாய் வைத்துக் காற்றை இழுத்தால் உதடு ஒட்டிக்கொள்ள வேண்டும் (சுத்தம் செய்த பிறகுதான்). ஒட்டவில்லை. விரிசல் உள்வரை போயிருந்தது. மரம் நன்றாக உலரும்வரை வைத்திருந்துவிட்டு, தோல் பட்டை சுற்றிய ஹோஸ் கிளிப்பால் மெல்ல நெருக்கினேன். விரிசலில் பிளாக்வுட் தூளை அழுத்தித் தேய்த்து, மிகவும் நீர்த்த சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தானாக உள்ளே இறங்கிவிடும். இந்த மரத்தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது, கவசம் அவசியம். காய்ந்ததும் மேலே நின்ற பிசினைப் பிளேடு முனையால் மட்டும் வழித்தேன். மறுபடி உறிஞ்சியபோது உதடு விடவில்லை. பழுதுபார்த்த கோடு உற்றுப் பார்த்தால் தெரியும். தெரியட்டும், விளம்பரத்தில் அதற்குத் தனிப் படமே போட்டேன்.

தளர்ந்த பூண்களை அரக்கு வைத்து ஒட்டினேன். எப்போதாவது கழற்ற வேண்டியிருந்தால் சூடு காட்டினால் கழன்று வரும், அதனால்தான் எபாக்ஸி வேண்டாம் என்றேன். நிக்கலுக்குக் கொஞ்சம் மெருகு போட்டபோது பக்கத்துத் தந்தத்தில் படாமல் காகித நாடா ஒட்டிக்கொண்டேன்.

அப்புறம் நூல். பழையதை முழுக்க அவிழ்த்துவிட்டுப் புதிய ஹெம்ப் நூல் சுற்றினேன். அடிச்சுற்றுக்குக் கருப்பு மெழுகு பூசியது, அது மரத்தைக் கவ்விக்கொள்ளும், முழுச் சுற்றும் சேர்ந்து சுழலாது. அதன்மேல் மஞ்சள் மெழுகு நூல். டியூனிங் பின்னில் மேல்துண்டு ஒரு கையால் வழுக்கிப் போக வேண்டும், ஆனால் தானாக இறங்கக் கூடாது. சிலர் பிளம்பர் டேப் சுற்றி விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ஈரத்துக்கு ஏற்ப நூல் உப்பிச் சுருங்குவதுபோல டேப் செய்யாது, வாங்குபவர் முதல் வேலையாக அதைத்தான் உரித்தெறிய வேண்டியிருக்கும்.

ஒலிக்க வைத்தது

பை விஷயத்தில் யோசித்தேன். ஒவ்வொரு பைப்பருக்கும் பையின் அளவிலும் பொருளிலும் தனி விருப்பம் உண்டு. நான் பார்த்துப் பார்த்துச் செம்மறித்தோல் பை கட்டினாலும், வாங்குபவர் அதை அறுத்துவிட்டுத் தனக்கு வேண்டியதைக் கட்டலாம். ஆனால் பையே இல்லாமல் விற்றால் ஒலியைக் காட்ட முடியாது. அதனால் ரப்பர் காலர் வைத்த, ஜிப் உள்ள சிந்தெடிக் பை ஒன்றை நடுத்தர அளவில் வாங்கி மாட்டினேன். கத்தி இல்லாமலே கழற்றிவிடலாம், உள்ளே உலர்த்தவும் வசதி. ஸ்டாக்குகளை ரப்பர் அடைப்பான்களால் மூடி, பையை ஊதி நிரப்பி, கையால் அணைத்து அழுத்தினேன். காற்று நின்றது. வால்வும் புதியது.

டிரோன்களுக்கு சிந்தெடிக் ரீடுகள். சேண்டருக்கு நாணல் சீவாளி. பழைய லாரி சேண்டரை அதற்கேற்ற ரீடோடு வாசித்தபோது கீழ் ஏ ஏறக்குறைய 466 ஹெர்ட்ஸில் நின்றது. இன்றைய பேண்டுகள் 480 ஐ ஒட்டி வாசிக்கின்றன. இந்தச் சேண்டரோடு யாரும் பேண்டில் நிற்க முடியாது, ஆனால் தனியாக வாசிக்கும்போது அதன் மேல் ஏ என்ன இனிமை! அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, கூடவே புதிய பாலி (பிளாஸ்டிக்) சேண்டர் ஒன்றையும் சேர்த்தேன்.

டிரோன்கள் எந்தச் சுருதிக்கும் வரும், மேல்துண்டை ஏற்றி இறக்கினால் போதும். ஆனால் எந்த உயரத்தில் சுருதி சேர்கிறது என்பது முக்கியம். டியூனிங் பின்னில் நூல் சுற்றின் விளிம்பு கொஞ்சமாக வெளியே தெரியும் இடத்தில் டெனர் சேர்ந்தால் ஒலி நிலையாக நிற்கும். சேண்டர் 480 என்றால் டெனர் 240, பேஸ் 120. முதலில் இரண்டு டெனர்களும் மிகக் கீழே, டியூனிங் பின் முழுக்க மறையும் இடத்தில்தான் சேர்ந்தன. ரீடு தாழ்ந்து ஒலிக்கிறது என்று அர்த்தம். ரீடை இருக்கையில் கொஞ்சம் ஆழமாக இறக்கி, அதன் நாக்கைப் பிடித்திருக்கும் வளையத்தை நுனிப்பக்கமாக இம்மியளவு நகர்த்தினேன். நாக்கு குறுகினால் சுருதி ஏறும். இரண்டாவது தடவையில் சரியான இடத்துக்கு வந்தது. பேஸ் மட்டும் அடம்பிடித்தது. ஊதத் தொடங்கும்போது கரகரத்து, இரண்டு தொனியாகப் பிரிந்தது. வேறு அளவு ரீடு மாட்டியதும் அடங்கி, தரையே அதிர்வதுபோல ஒரு முழக்கம் வந்தது. மூன்றும் பூட்டிக்கொண்ட நொடியில், இவை நல்ல கையால் கடைந்த டிரோன்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது. பெயர் என்னவாக இருந்தால் என்ன?

ஒலிப்பதிவுக்கும் கொஞ்சம் கவனம் வேண்டும். போனைப் பக்கத்தில் வைத்தால் அது தானாக ஒலியைக் குறைத்து, பேஸைத் தின்றுவிடும். மூன்று மீட்டர் தள்ளி, திரைச்சீலை உள்ள அறையில் வைத்தேன். ஒரு டெனர் மட்டும், மற்ற டெனர் மட்டும், இரண்டும், பேஸோடு மூன்றும், பிறகு சேண்டரும் என்ற வரிசையில் வெட்டாமல் ஒரே பதிவு. பயிற்சியுள்ள காது வாங்குபவரிடம் இருந்தால், நான் எழுதிய எல்லா வரிகளையும்விட அந்தப் பதிவே அதிகம் சொல்லும். படங்களில் மவுண்ட்களின் முகம், மாற்றப்பட்ட மவுண்ட், விரிசல் கோடு, வெளிச்சம் விட்டுப் பார்த்த உட்துளை எல்லாம் இருந்தன. அளவுகோலையும் பக்கத்தில் வைத்தே எடுத்தேன்.

விலையும் வாங்க வந்தவர்களும்

1,850 பவுண்டு கேட்டோம். உறுதியான ஹெண்டர்சன் பெயரோ வெள்ளியோ இருந்திருந்தால் இதைவிட வெகுவாகக் கூடும். ஒரு மவுண்ட் மாற்றியது, ஒரு ஸ்டாக் பழுதுபார்த்தது இரண்டும் குறைக்கும். தந்தமும் இன்று விலையைக் குறைக்கிறது, காரணம் கடல் கடந்து விற்க முடிவதில்லை. அமெரிக்காவிலிருந்து ஒருவர் ஆர்வமாகக் கேட்டார். அங்கே விற்பனைக்காக ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை இறக்குமதி செய்ய அனுமதி இல்லை என்று விளக்கினேன். தந்தத்தைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் மவுண்ட் போட்டு அனுப்புங்கள் என்றார். பல பைப்பர்கள் வெளிநாட்டுப் போட்டிக்காக அப்படிச் செய்கிறார்கள், தவறில்லை. ஆனால் விற்பதற்காக மட்டும் அதைப் பிரித்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தையும் வேண்டாம் என்றார்.

இன்னொருவர் பார்க்காமலேயே கூடுதல் தொகைக்குக் காசோலை அனுப்புகிறேன், மீதியைக் கூரியர்காரரிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். பதில் எழுதவில்லை.

கடைசியில் வந்தது பேக்பைப்பின் செவ்வியல் இசையான பீப்ராக் வாசிக்கும் ஓர் இளைஞர். வரும்போது சொந்த ரீடுகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், அது நல்லதாகப் போயிற்று. என் ரீடுகளில் கேட்டதைத் தன் ரீடுகளிலும் கேட்டுப் பார்த்து, அரைமணி நேரம் டிரோன்களை மட்டும் ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தார். விரிசல் கோட்டை நகத்தால் வருடினார். "இது லாரிதானா?" என்று கேட்டார். டிரோன்களைப் பற்றிச் சொல்ல முடியாது என்றேன். தலையாட்டிவிட்டு 1,700 சொன்னார். அத்தையிடம் போனில் கேட்டு, சரி என்றேன்.

பணம் வங்கி வழியாக நேராக அத்தையின் கணக்குக்குப் போனது. அது வந்து சேர்ந்ததை அவர் உறுதி செய்த பிறகு ரசீது எழுதினேன். அதில் தந்தப் பதிவு எண், எந்த மவுண்ட்கள் தந்தம், எது பிளாஸ்டிக், எந்த ஸ்டாக் ஒட்டியது எல்லாம் உண்டு. அந்த இளைஞர் பின்னாளில் விற்க நினைத்தால் தன் பெயரில் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும், எங்கள் பதிவு அவருக்குச் செல்லாது என்பதையும் சொல்லி, அளவெடுத்த தாள்களைக் கையில் கொடுத்தேன். அதே கணக்கை அவர் மறுபடி போட வேண்டியதில்லை.

பை, ரீடுகள், வால்வு, பாலி சேண்டர், பதிவுக் கட்டணம், நூல் முதலிய சில்லறைச் செலவுகள் எல்லாம் சேர்த்து 400 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அதை மட்டும் அத்தையிடம் வாங்கிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து அந்த இளைஞர் செய்தி அனுப்பினார். பையைத் தட்டித் தொடங்கும்போது ஒரு டெனர் வாயை மூடிக்கொள்கிறதாம். புது ரீடு நாணலில் செய்தது என்றார். நாக்கின் அடியில் ஒரு தலைமுடியை வைத்துப் பாருங்கள், அதற்கும் கேட்காவிட்டால் வளையத்தை இம்மியளவு பின்னால் இழுத்து, சுருதி தாழ்ந்தால் ரீடைக் கொஞ்சம் ஆழமாக இறக்குங்கள் என்று எழுதினேன். முடியிலேயே சரியாகிவிட்டது என்று அன்று மாலையே பதில் வந்தது.